ஓரத்துக் கிளிகள்

திருத்தணி மலைக்கு முதல் தடவை வருபவர்கள் மயிலைத் தேடுவார்கள். இங்கே முருகனுக்கு யானையும் வாகனம். தெய்வயானையைக் கட்டிக் கொடுத்தபோது இந்திரன் சீதனமாக அனுப்பிய ஐராவதம் அது என்றும், அதனால்தான் தன் பழைய வீடு இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்தபடி நிற்கிறது என்றும் கோயிலுக்குக் கூட்டிப்போகும் பெரியவர்கள் சொல்வார்கள். சீதனமாக வந்த யானைக்காவது பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறதே என்று படியேறும்போது நான் நினைத்துக்கொள்வதுண்டு. மயில் முருகனைச் சுமக்கிறது. சேவல் கொடியில் ஏறி வெற்றியைச் சுமக்கிறது. மான் வள்ளியைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கதையிலிருந்தே காணாமல் போகிறது. கிளி வள்ளியின் தினைப்புனத்துக்கு வந்து, அவள் கையால் விரட்டப்படுவதற்காகவே கதைக்குள் இருக்கிறது. எங்கள் ஊரில் படமாகவும் கல்லாகவும் நிற்கிற எந்த மிருகமும் தனக்காக நிற்கவில்லை.

ஒரு பூவோ பறவையோ யாரையும் சுமக்காமல், எதற்கும் அர்த்தமாகாமல், ஒரு படத்தில் இருக்க முடியுமா என்ற கேள்வி இந்த மலையடிவாரத்தில் எனக்குத் தானாக வந்திருக்காது. வகுப்பில் உலகக் கலை வரலாறு நடத்த வேண்டி வந்தபோது வந்தது. எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து படிக்கிற பெண்கள். வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ். அவர்களுக்குச் சீனத்துச் சுருள் ஓவியங்களின் அச்சுப் படங்களைக் காட்டினேன். நீளமான காகிதம், கீழ்ப்பக்கம் ஒரு கிளை, கிளையில் ஒரு குருவி. அவ்வளவுதான்.

"மீதி எங்க மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல கேள்வி என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

சீனத்தில் பூவும் பறவையும் ஒரு தனி ஓவிய வகை. பட்டிலோ காகிதத்திலோ வரைந்து, பின்பக்கம் காகிதம் ஒட்டி, கட்டையில் சுற்றி வைத்துவிடுவார்கள். பருவத்துக்கு ஏற்ப எடுத்து மாட்டுவார்கள், அல்லது நண்பர் வந்தால் கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் மறுபடி சுருள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஹுய்ட்சோங் என்ற பேரரசர் தானே பறவைகளை வரைந்தவர். அவருடைய அரண்மனைச் சேகரிப்புக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். 6,396 ஓவியங்கள், பத்துப் பிரிவுகள். பூவும் பறவையும் ஒரு பிரிவு. விலங்குகள் ஒரு பிரிவு. மூங்கிலுக்கென்றே ஒன்று. காய்கறிக்கும் பழத்துக்கும்கூட ஒன்று. கடவுளும் அரசனும் இல்லாத படத்துக்கு இத்தனை இடமா என்று பட்டியலைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கத்தரிக்காயை ஒரு ராஜா மதித்துப் பார்த்திருக்கிறார் என்பது சமையலறையில் நாளைக் கழிக்கிற யாருக்கும் சின்ன விஷயமில்லை.

நம் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். திருத்தணியில் ரயில் ஏறினால் புத்தூர், ரேணிகுண்டா, அங்கே மாறினால் காளஹஸ்தி. 1960 ஏப்ரலில்தான் திருத்தணி இந்தப் பக்கம் சேர்ந்தது. அதற்கு முன் நாங்களும் சித்தூர் மாவட்டத்துக்காரர்கள். அதனால் காளஹஸ்தி எங்களுக்கு வேற்று மாநிலம் என்று மனசில் பதிவதே இல்லை. அங்கே செய்கிற கலம்காரித் துணிகளும் ஒருவகையில் சுருள்கள்தான். ராமாயணமோ பாரதமோ வரிசை வரிசையாகக் கட்டம் பிரித்து வரைந்து, கோயிலில் தொங்கவிட்டுக் கதை சொல்வதற்கான நீளத் துணிகள். தமிழ்நாட்டிலும் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இந்த வேலை உண்டு. தேரில் உருளையாகத் தொங்குகிற தொம்பை, வாசலுக்கு மேலே கட்டுகிற வாசமாலை, தலைக்கு மேல் விதானமாகக் கட்டுகிற அஸ்மானகிரி எல்லாம் அந்தக் கைவேலை. அவற்றில் கிளி இருக்கும், அன்னம் இருக்கும், மயில் இருக்கும், யாளி இருக்கும், கொடியும் பூவும் இருக்கும். ஆனால் எங்கே இருக்கும்? ஓரத்தில். அல்லது ராமனுக்கும் சீதைக்கும் நடுவே துணி வெறுமையாகத் தெரிகிற இடத்தில். வெறுமை கூடாது என்பது அந்தக் கலையின் எழுதாத சட்டம். இடம் மிஞ்சினால் பூ. இன்னும் மிஞ்சினால் கிளி.

காளஹஸ்தியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். இருபது வருடத்துக்கும் மேலாகக் கலம்காரி வேலை. அவர் வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் கண்காட்சிகளில் இந்தத் துணியை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த உழைப்பின் வரிசை தெரிவதில்லை. காடாத் துணியை முதலில் சாணத் தண்ணீரில் ஊறவைத்து வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த தண்ணீரில் முக்கிக் காயவைக்க வேண்டும். பால் சேர்ப்பது கோடு பரவாமல் இருக்க. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவத்தைக் கோடு போட்டுக்கொள்வார்கள். அதன் மேல்தான் கலம். மூங்கில் குச்சியின் ஒரு முனையைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கம்பளி சாயத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் அழுத்த அழுத்தச் சொட்டாக இறங்கும். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரும் சேர்த்து நாள்கணக்கில் புளிக்கவைத்ததுதான் கறுப்பு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீர் தடவி, பிறகு வேரும் பட்டையும் போட்ட அண்டாவில் துணியை வேகவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நடுநடுவே ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். சுவர்ணமுகி ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஆறு, இல்லாவிட்டால் எங்கே கிடைக்கிறதோ அங்கே. கடுக்காய்ப் பூவிலிருந்து மஞ்சள். அவுரியிலிருந்து நீலம். ஒரு துணிக்குப் பல தடவை நனைப்பு, பல தடவை வெயில்.

இதில் கறுப்புக் கோடு போடுபவர்தான் கலைஞர். அதிலும் முகம் எழுதுபவர்தான் பெரிய கலைஞர். நான் பார்த்த அந்தக் கூடத்தில் முகம் எழுதியவர் ஆண். வேகவைப்பது, அலசுவது, கோட்டுக்குள் சாயம் நிரப்புவது, ஓரத்துக் கிளியும் பூவும் போடுவது எல்லாம் பெண்கள். இந்தக் கலை அழிகிற நிலைக்குப் போய், கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957-இல் அங்கே பயிற்சி மையம் தொடங்கிய பிறகுதான் மறுபடி எழுந்தது. ஒரு பெண் எழுப்பிய கலை. இன்று அதில் எத்தனையோ பெண்கள், சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களும் உண்டு. இருந்தும் கோட்டுக்கு ஒரு மரியாதை, நிறத்துக்கு வேறு மரியாதை என்ற படிநிலை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் வகுப்பில் ஒருத்தி சீன ஓவியத்தைக் காட்டிச் சொன்னாள்: "அங்க குருவிக்கு மரியாதை இருக்கு மேடம். முழு பேப்பரும் அதுக்குத்தான்." கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அது முழு உண்மை இல்லை.

சீனப் பூக்களும் சுமக்கின்றன. பிளம் பூ, ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி ஆகிய நான்கையும் சேர்த்து நான்கு கனவான்கள் என்பார்கள். பனிக்காலத்தில் பூக்கிற பிளம் பூ மன உறுதி. வளைந்தாலும் ஒடியாத மூங்கில் நேர்மை. யாரும் பார்க்காத பள்ளத்தாக்கிலும் மணக்கிற ஆர்க்கிட், புகழ் தேடாத அறிஞன். பனி விழுகிற பருவத்தில் நிற்கிற சாமந்தி, பதவியை விட்டு ஒதுங்கி வாழ்பவன். கவனித்தீர்களா? நான்கும் ஆண்கள்.

13-ஆம் நூற்றாண்டில் சோங் அரசு மங்கோலியரிடம் வீழ்ந்த பிறகு செங் சீஷியாவ் என்ற அறிஞர் ஆர்க்கிட் செடியை மண்ணே இல்லாமல் வரைந்தார். மண் எங்கே என்று கேட்டவர்களிடம், அதைத்தான் அந்நியர் திருடிவிட்டார்களே என்று சொன்னாராம். இன்றுவரை அவருடைய ஆர்க்கிட்டைப் பார்ப்பவர்கள் இழந்த நாட்டைப் பார்க்கிறார்கள். இன்னும் நான்கு நூற்றாண்டு தாண்டி, மிங் அரச வம்சத்தில் பிறந்து, அந்த அரசு போன பிறகு துறவியான பாதா ஷான்ரென் மீனையும் பறவையையும் வரைந்தார். அந்த மீன்கள் கண்ணை மேலே உருட்டி உலகத்தை முறைக்கும். அதில் எல்லோரும் ஒரு மனிதனின் கோபத்தைப் படிக்கிறார்கள்.

இப்போது மா ஷோசென். 1548-இல் பிறந்து 1604-இல் இறந்த நான்ஜிங் நகரத்துக் கணிகை. அவரும் ஆர்க்கிட்தான் வரைந்தார். 1572-இல் வரைந்த ஒரு சுருள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காகிதத்தில் மை, ஒரு பாறை, பக்கத்தில் ஆர்க்கிட்டின் நீண்ட இலைகள். கை தயங்கிய இடமே இல்லாத கோடு. ஆனால் ஆர்க்கிட் என்று பொருள்படும் சொல் அவருடைய புனைபெயரிலேயே இருந்தது. ஆகவே அவர் வரைந்த ஆர்க்கிட்டை அவராகவே பார்த்தார்கள்: அவருடைய மென்மை, அவருடைய வாசனை, அவருடைய அழகு. ஆண் வரைந்த பூ அவனுடைய நாடு. பெண் வரைந்த அதே பூ அவளுடைய உடம்பு.

அந்த வகுப்பில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்தப் பெண்களுக்குச் சீனம் தூரமாகத் தெரியவில்லை என்பதுதான் காரணம். பூங்கொடி, மலர்விழி, புஷ்பா, மல்லிகா, தாமரை, செண்பகம். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் நந்தவனம்.

ஆனால் தமிழில் பூ என்றால் பெண் என்பது இயற்கை இல்லை. ஆநிரை கவரப் போனவன் வெட்சி சூடினான். மீட்கப் போனவன் கரந்தை. படையெடுத்தவன் வஞ்சி, எதிர்த்து நின்றவன் காஞ்சி. மதிலை வளைத்தவன் உழிஞை, காத்தவன் நொச்சி. நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றால் வாகை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. போருக்கும் அரசுக்கும் இலக்கணம் எழுதியவர்கள் அதைப் பூவால் எழுதினார்கள். நிலத்தையே பூவால் பிரித்தார்கள். எங்கள் மலையும் குறிஞ்சியில் அடங்கும். ஒரு காலத்தில் ஆணின் தலையில் ஒரு செயலைச் சொல்ல இருந்த பூ, பெண்ணின் தலைக்கு வந்தபோது ஒரு நிலையைச் சொல்லத் தொடங்கியது. அவன் என்ன செய்யப் போகிறான் என்பதை வெட்சி சொன்னது. அவளுக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்பதை மல்லிகை சொல்கிறது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வந்து பாருங்கள். மலை முழுக்கப் பூக்காவடி. ஆண்கள் தோளில் பூவைச் சுமந்து ஆடிக்கொண்டு 365 படியும் ஏறுவார்கள். அன்றைக்கு ஆணுக்குப் பூ கூச்சமில்லை, பக்தி. அந்தப் பூவை முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து கட்டிக் கொடுத்த பெண்களில் சிலரை எனக்குத் தெரியும். அடிவாரத்தில் முழம் போட்டு விற்கிற ஓர் அம்மாவுக்குப் புருஷன் இறந்து பதினைந்து வருடம். விரல் நுனி வாழைநாரில் அறுபட்டுத் தழும்பேறிப் போயிருக்கிறது. கண்ணால் பார்க்காமலே மல்லிகையின் காம்பைக் காம்போடு சேர்த்துச் சுருக்குப் போடுவார். ஒருநாள் விற்காமல் மிஞ்சின பூவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சாமிக்குப் போட்ருவேன். பக்கத்து வூட்டுப் புள்ளைங்களுக்குக் குடுப்பேன்" என்றார்.

"நீங்க வெச்சுக்க மாட்டீங்களாம்மா?"

"நல்லா இருக்கும்மா நீ கேக்கறது" என்று சிரித்தார். கை மட்டும் நிற்கவில்லை.

அவரைவிட மல்லிகையை உற்றுப் பார்த்தவர் இந்த ஊரில் இல்லை. எந்த மொட்டு சாயங்காலம் விரியும், எது விரியாமலே பழுக்கும், எந்த மூட்டை நேற்றுப் பறித்தது என்று தொட்டுச் சொல்வார். பூவின் அர்த்தம் என்று நாம் சொல்வதெல்லாம் சேர்ந்துதான் அவரிடமிருந்து பூவைப் பிடுங்கிக்கொண்டது. அர்த்தம் இல்லாமல் இருந்திருந்தால் அவர் தலையில் இன்றைக்கும் பூ இருந்திருக்கும். அடையாளம் என்பது இவ்வளவு காரியம் செய்யும். வெறும் அலங்காரம், இதைப் போய்ப் பெரிதாகப் பேசுகிறாயே என்பவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன்.

பெண்கள் ஏன் பூ வரைந்தார்கள் என்ற கேள்விக்கும் சீன வரலாற்றில் ஒரு பதில் கிடைக்கிறது. அறிஞர்கள் உச்சத்தில் வைத்தது மலையும் நீரும் கொண்ட நிலக்காட்சியை. மலையை வரைய மலைக்குப் போக வேண்டும். நிறையப் படிக்க வேண்டும், நிறைய நடக்க வேண்டும் என்று ஓவியனுக்குச் சொல்லிவைத்தார்கள். காலைக் கட்டி வளர்த்த வீட்டுப் பெண் எங்கே நடப்பாள்? தோட்டம்வரை நடப்பாள். சூஜோ நகரத்து வென் ஷு, பெரிய ஓவியப் பரம்பரையில் 1595-இல் பிறந்தவர், பூவையும் புல்லையும் வண்ணத்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் வரைந்தார். அவர் படங்கள் விலைக்குப் போயின. 39 வயதில் இறந்துவிட்டார். அவருக்கும் மூன்று நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த குவான் தாவ்ஷெங் தோட்டத்துப் பூவோடு நிற்காமல் மூங்கிலை எடுத்தார், அதாவது கனவான்களில் ஒருவரை. 1308-இல் அவர் வரைந்த மூங்கில் சுருள் இன்றும் தைபே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மையோடு விளையாடுவது ஆண்களின் காரியம், அதைச் செய்த என்னை எல்லை மீறியவள் என்று சொல்ல மாட்டார்களா என்ற பொருளில் அவர் எழுதியதாக ஒரு குறிப்பும் உண்டு. மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வரைந்து முடித்துவிட்டார். நம் வீட்டுப் பெரியவர்களில் சிலரும் இப்படித்தான், பயந்துகொண்டே பேசுவதுபோல் பேசி, செய்ய வேண்டியதைச் செய்துவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சீனத்தில் எலும்பில்லாத முறை என்று ஒன்று உண்டு. கோடே போடாமல் நேரடியாக நிறத்தாலேயே இதழை எழுப்புவது. 17-ஆம் நூற்றாண்டில் யுன் ஷோபிங் அதில் பேர் வாங்கினார், அவர் குடும்பத்துப் பெண்ணான யுன் பிங்கும் அதே முறையில் பேர் வாங்கினார். இதைப் படித்தபோது எனக்குக் காளஹஸ்தி அக்காதான் நினைவுக்கு வந்தார். கோடு உயிர், நிறம் உதவி என்பது இயற்கையின் சட்டமாக இருந்தால் இந்தப் படங்கள் இருக்கவே முடியாது. சாயம் எங்கே அடர வேண்டும், எங்கே வெளிற வேண்டும் என்று தெரிந்த கைக்கு அங்கே வேலையாள் என்று பெயரில்லை. திறமைகளில் எது பெரியது என்பதைப் பல சமயம் அந்தத் திறமையை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள்.

கோலத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது, ஆனால் நீட்டவும் விருப்பமில்லை. காலில் மிதிபட்டு அழிவதே அதன் தத்துவம் என்று அழகாக எழுதிவிட்டார்கள். விடியலில் எழுந்து தண்ணீர் தெளித்துப் புள்ளி வைப்பவளிடம் அந்தத் தத்துவத்தை யாரும் கேட்டு எழுதவில்லை. அவள் கோல நோட்டுப் போட்டு வைக்கிறாள். 15 புள்ளி, 8 வரிசை, மயில், தாமரை, அன்னம் என்று பென்சிலில் போட்டு அலமாரியில் பத்திரமாக வைக்கிறாள். அழியட்டும் என்று நினைப்பவள் நோட்டுப் போடுவாளா? நம் பத்திரிகைகளில் கோலத்துக்குக் கீழே போட்டவரின் பெயரும் ஊரும் அச்சாகும். ஓரமாக, சின்ன எழுத்தில். எத்தனையோ பெண்களுக்கு வாழ்நாளில் பெயர் அச்சான ஒரே இடம் அதுதான்.

என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்கிற ஒருத்தி நோட்டின் ஓரமெல்லாம் மயில் வரைவாள். கிட்டே போனால் கையால் மூடிக்கொள்வாள். என்னம்மா என்றால் "சும்மாதான் மேடம்" என்பாள். இந்தச் சும்மா என்ற சொல்லை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முருகன் அருணகிரிநாதருக்கு உபதேசம் செய்தபோது சும்மா இருக்கச் சொன்னான் என்பார்கள். ஆணுக்கு அது ஞானத்தின் கடைசிப் படி. பெண்ணைப் பற்றி "வீட்டில சும்மாதான் இருக்கா" என்றால் அது வேறு. கிளையில் உட்கார்ந்திருக்கிற அந்தச் சீனக் குருவி சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எட்டு நூற்றாண்டாக மரியாதை.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது என்ன? இரண்டு வழி தெரிகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று சண்டை போடுகின்றன. ஒன்று, செங் சீஷியாவின் ஆர்க்கிட்போல எங்கள் பூவும் நாட்டைப் பேசட்டும், கோபத்தைப் பேசட்டும், பெண் வரைந்த மயிலையும் ஒரு கருத்தாகப் படியுங்கள் என்று கேட்பது. இன்னொன்று, எந்தப் பூவும் யாருக்கும் அடையாளமாக வேண்டாம், பூவைப் பூவாக விடுங்கள் என்பது. மாணவிகள் பெரும்பாலும் முதல் வழிக்கு வருவார்கள். அவர்களுக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, நியாயம்தான். எனக்கு வயது ஏற ஏற மனசு இரண்டாவது வழிக்குச் சாய்கிறது.

காரணம் வள்ளியின் கிளிதான். பெண்ணின் கையில் கிளியை வைத்து, அவளுக்குத் தோழி, தூது, கொஞ்சும் மொழி என்று வரைந்தவர்கள் பரண்மேல் நின்று தினை காத்தவர்கள் இல்லை. காத்தவளுக்குக் கிளி கதிரைத் திருடுகிற பறவை. அவள் அதை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பாள்: எந்த நேரம் வரும், எத்தனை வரும், எந்தச் சத்தத்துக்குப் பறக்கும், எதற்கு அசையாது. இன்று எங்கள் ஊரைச் சுற்றியிருக்கிற கொல்லைகளில் மயில் கூட்டமாக இறங்கி வேர்க்கடலையைக் கிளறுகிறது. 1963-இல் தேசியப் பறவை ஆனது, 1972 வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு, ஊருக்கு அது சாமியின் வாகனம். ஆகவே கொல்லைக்காரி தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. அவளிடம் மயிலை வரையச் சொன்னால் தோகை விரித்து வரைவாள் என்று நான் நினைக்கவில்லை. குனிந்து மண்ணைக் கிளறுகிற மயிலை வரைவாள். அது யாரையும் சுமக்காத மயில். பசித்த பறவை. அதை அப்படிப் பார்த்தவளுக்குத் தன்னையும் அப்படிப் பார்க்க முடியும் என்று எனக்குப் படுகிறது. யாருடைய மனைவி, யாருடைய அம்மா, எந்தக் குடும்பத்து மானம் என்பதற்கு முன்னால் பசியும் தூக்கமும் உள்ள ஓர் உயிராக. இது கொஞ்சம் தாவலான வாதம்தான். ஆனாலும் பூவைப் பூவாகப் பார்க்கத் தெரியாத ஊர், பூ வைக்காத பெண்ணைப் பெண்ணாகப் பார்க்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எதிர்க்கேள்வி உண்டு. குருவியைக் குருவியாகப் பார்க்க நேரம் வேண்டும், வெற்றுக் காகிதத்தை விட்டுவைக்கப் பணம் வேண்டும். ஹுய்ட்சோங் பேரரசரிடம் இரண்டும் இருந்தன. கடைசியில் 1127-இல் வடக்கிலிருந்து வந்த படை அவரைக் கைதியாகப் பிடித்துக்கொண்டு போனது. பறவை பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நாடு போனது என்று சரித்திரம் எழுதினவர்களும் உண்டு. வெறுமையை ரசிப்பது பணக்காரர்களின் காரியம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று மறுக்க வரவில்லை.

அந்தச் சீனப் படங்களில் இரண்டை எடுத்துக்கொண்டு காளஹஸ்திக்குப் போனேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். வாய் திறக்காமல் வெகுநேரம் பார்த்தார். குருவியின் கால் கிளையைப் பிடித்திருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் தொட்டு, "இது பார்த்துப் போட்டது மேடம். நெனப்புல போட்டா கால் இப்படி வராது" என்றார். பிறகு தன் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த துணியின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். வரிசையாகக் கிளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கிட்டே போனால் ஒன்று கொய்யாப்பழத்தைக் கொத்துகிறது, ஒன்று இறகைக் கோதுகிறது, ஒன்று கழுத்தை முழுக்கத் திருப்பி முதுகுக்குப் பின்னால் பார்க்கிறது. முகம் எழுதுகிற மாஸ்டர் ஓரத்தைப் பார்க்கவே மாட்டார் என்று சிரித்தார்.

"அக்கா, முழுத் துணியும் உங்களுக்கே குடுத்தா என்ன போடுவீங்க? ராமாயணம் எதுவும் வேணாம், உங்க இஷ்டம்."

அவர் துணியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். விலை விசாரிக்கிறவரைப்போல என்னையும் பார்த்தார்.

"ஒரு கிளி போடலாம். மீதி வெறுமனே விடலாம், இதுல இருக்கற மாதிரி" என்றார். "ஆனா மேடம், வெறும் துணிக்கு யாரு காசு குடுப்பாங்க? எங்களுக்குப் போட்டதுக்குத்தானே கூலி. விட்டதுக்கு யாரு குடுப்பா?"

அதற்குள் உள்ளேயிருந்து யாரோ தெலுங்கில் கூப்பிட்டார்கள். அண்டா கொதித்துவிட்டதாம். படத்தை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு எழுந்து போனார்.